தைராய்டு மாத்திரையும் நம் சோற்றுத் தட்டும்

மலாக்காவில் ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ இரத்தம் எடுத்துப் பார்த்து, "உங்களுக்குத் தைராய்டு குறைவு" என்று சொல்லி, சின்ன வெள்ளை மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா? அப்படியானால் இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கிளினிக்கில் கூட்டம் நெரியும் நேரத்தில் டாக்டரால் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சாப்பாட்டு விஷயம் பேச முடியாது. நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இதே மாத்திரையை நானும் தினமும் விழுங்குகிறேன். புக்கிட் அசஹான் பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் நம் வீட்டுச் சோற்றுப் பானையின் அளவும் எனக்குத் தெரியும். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது, அதனால் தங்கச்சி என்று கூப்பிட்டே எழுதுகிறேன். தம்பிமாருக்கும் இதேதான்.

1. முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் டி4, டி3 என்ற ஹார்மோன்கள்தாம் உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்கின்றன. இருதயத் துடிப்பு, குடல் அசைவு, உடல் சூடு, மாதவிலக்கு எல்லாமே அதன் கையில். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. டிஎஸ்எச் நம் தோட்டத்துக் கங்காணி மாதிரி. ஆள் ஒழுங்காக வேலை செய்தால் கங்காணிக்குக் குரல் உயர்த்தத் தேவையில்லை. ஆள் சுணங்கினால் சத்தம் கூடும். ஆகவே டிஎஸ்எச் எண் ஏறியிருந்தால் தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கிறது என்று பொருள். "எண் ஏறிப்போச்சு, ஹார்மோன் கூடிப்போச்சு" என்று தலைகீழாக எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தப்பு உங்களுக்கு வேண்டாம்.

நம்மில் பெரும்பாலோருக்குக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். 1912-இல் ஹக்காரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் எழுதி வைத்ததால் அந்தப் பெயர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்கிறது. நீங்கள் எதையோ சாப்பிட்டதால் வந்ததில்லை, யார் கண்ணும் பட்டு வந்ததில்லை. குடும்பத்தில் ஓடுகிற நோய் என்பதால் அக்கா தங்கைகளுக்கும் மகளுக்கும் சோர்வு, முடி கொட்டுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் அவர்களையும் ஒருமுறை இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

2. ஏறிய எடையில் எவ்வளவு தைராய்டின் பங்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது பலருக்குப் பிடிக்காத செய்தி. தைராய்டு குறைவால் நேரடியாக ஏறும் எடை பெரும்பாலும் இரண்டரையிலிருந்து நாலரை கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பில்லை, உடம்பில் தேங்கும் உப்பும் தண்ணீரும். முகம் ஊதுவதும் கண்ணிமை தடிப்பதும் மோதிரம் இறுகுவதும் அதனால்தான். நோய் மிகவும் முற்றியவர்களுக்குக் கூடுதலாக ஏறலாம். மாத்திரை சரியாகப் பிடித்துக்கொண்டால் அந்தப் பங்கு இறங்கிவிடும்.

கல்யாணத்தின்போது ஐம்பத்தைந்து கிலோ, இப்போது எண்பது கிலோ என்றால் மீதி இருபது கிலோவுக்குச் சுரப்பியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மாத்திரை எடையைக் குறைக்கும் மருந்து என்று காத்திருக்கிறவர்கள் ஆறு மாதத்தில் மனம் உடைந்து அதையும் விட்டுவிடுகிறார்கள். மாத்திரையின் வேலை வேறு, தட்டின் வேலை வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள். நான் இங்கே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது.

3. மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடுங்கள்.

இந்த மருந்தின் பெயர் லெவோதைராக்சின். உடம்பு தானே செய்யும் டி4-இன் அதே வடிவம். குடலில் இறங்கி இரத்தத்தில் சேர்வதில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமான மருந்து. கூட எது இருந்தாலும் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும்.

காலையில் எழுந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள். பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். தே ஓ வேண்டாம், கோப்பி வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். கோப்பி இந்த மருந்தை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும் என்று ஆராய்ச்சியிலேயே காட்டியிருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றுப் புளிப்புக்கான மருந்து இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

செர்காம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கதை. மாத்திரையின் அளவு 50 மைக்ரோகிராமிலிருந்து 75, பிறகு 100 என்று ஏறிக்கொண்டே போயிற்று, டிஎஸ்எச் மட்டும் இறங்கவில்லை. ஒருநாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறாய், ஒன்று விடாமல் சொல்" என்றேன். எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். டின்பால் ஊற்றித் தே கலக்குவாள். தைராய்டு மாத்திரை, இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, எலும்புக்குக் கால்சியம் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து, சூடான தேத்தண்ணியோடு ஒரே மடக்கு. மறக்கக்கூடாது என்று அவளே போட்டுக்கொண்ட ஒழுங்கு அது. மருந்தில் குறையே இல்லை, நேரத்தில்தான் குறை. இரும்பையும் கால்சியத்தையும் மதியச் சோற்றுக்குப் பிறகு மாற்றினோம். அடுத்த பரிசோதனையில் எண் இறங்கத் தொடங்கியது. அதன்பின் டாக்டர் அளவையும் குறைத்தார்.

பத்து பெரெண்டாம், ஆயர் குரோ பக்கத்து ஃபேக்டரிகளில் ஷிப்ட் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு "காலை" என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அவர்கள் டாக்டரிடம் கேட்டுத் தூங்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நெதர்லாந்தில் 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இரவில் போட்டவர்களுக்கு மருந்து காலையில் போட்டவர்களைவிட நன்றாகவே சேர்ந்தது. காலையோ இரவோ, ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள்.

4. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அதனால் ஒருநாள் மறந்தால் குடி முழுகிவிடாது. மறுநாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம். அதே காரணத்தால், அளவு மாற்றினாலும் பலன் முழுசாகத் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் "ஒன்னும் மாறலையே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

எடை சீக்கிரம் இறங்கட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறவர்களும் உண்டு. அப்படி இறங்குவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் கரையும். படபடப்பு வரும், இருதயம் தாளம் தப்பும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். அம்மாவின் மாத்திரையை மகள் மெலிவதற்காக எடுத்துப் போடுவது அதைவிட ஆபத்து.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலாவது நிறுத்துங்கள். அது பரிசோதனை எண்ணையே மாற்றிக் காட்டிவிடும். மாத்திரையை அதன் அட்டையிலேயே, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் அடுப்பங்கரைத் தட்டும், மதிய வெயிலில் நிற்கும் காரும் அதற்கு ஏற்ற இடமில்லை.

5. தோட்டத்துப் பசியைத் தாமானுக்குக் கொண்டு வராதீர்கள்.

நம் எடைக் கதை தைராய்டில் தொடங்கவில்லை, தோட்டத்தில் தொடங்கியது. 1896-இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் இரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிவாக்கினார். அந்த மரங்களை நம்பி நம் பாட்டன் பாட்டி வந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு அந்த வேலைக்கேற்ற சாப்பாடு.

என் அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போவார். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட்டம். குனிந்து கீழ்ப்பட்டை, எட்டி மேல்பட்டை. வெட்டி முடித்து ஒரு தரம் உட்கார்ந்தால் அதுதான் பசியாறும் நேரம். சில்வர் தூக்கில் ராத்திரிச் சோறு, மேலே நெத்திலிச் சம்பல், போத்தலில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி. பிறகு மறுபடி மரம் மரமாகப் போய் மங்குக் கிண்ணத்தில் இருந்த பாலை வாளியில் சேர்த்து, இரண்டு வாளியைக் காண்டாக் கம்பில் கட்டித் தோளில் தூக்கி, ஸ்டோர் வரைக்கும் நடை. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மலைபோல் சோறு. அந்த உடம்பு அத்தனையையும் எரித்துவிடும். அம்மாவின் இடுப்பில் சதை கூடிப் பார்த்ததே இல்லை.

இப்போது நாம் தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். வேலைக்கு மோட்டார் அல்லது கம்பெனி பஸ், வேலையில் நாற்காலி, வீட்டில் வாஷிங் மெஷின். தட்டு மட்டும் அதே தட்டு. தே தாரிக்கும் ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் அதன்மேல் புதிதாகச் சேர்ந்தவை. 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2019 ஆய்வில் நாடு முழுவதும் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் 31 பேருக்கு. இத்தனை பேருக்கும் தைராய்டு இல்லையே. சுரப்பி சரியாக உள்ளவர்களுக்கே இந்தத் தட்டு ஆகவில்லை என்றால், சுரப்பி சுணங்கியவர்களுக்கு எப்படி ஆகும்?

6. குடிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

சோற்றைக் குறை என்றால் நம் ஆட்களுக்கு முகம் வாடிவிடும், எனக்கும் தெரியும். அதனால் முதல் மாதம் சோற்றைத் தொடாதீர்கள், கிளாஸை மாற்றுங்கள். டின்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தே தாரிக் குடிக்கிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமானதைக் கிளாஸிலேயே முடித்துவிடுகிறார்கள், வயிறும் நிறைவதில்லை. ஒட்டுக்கடையில் "தே ஓ கோசோங்", அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தே என்று கேட்கப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். ஒரேயடியாக முடியாவிட்டால் "கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று தொடங்கி இறங்கி வாருங்கள். மைலோ, சீராப், டின் பானங்களும் இதே கணக்கில்தான் வரும். 2019 ஜூலையிலிருந்து அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

7. தட்டை நான்காகப் பாருங்கள்.

சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரு" என்று சொல்வது நம் சமையலுக்கு நன்றாகவே பொருந்தும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது முட்டை அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வழக்கத்தில் சோறு முக்கால், காய் ஓரத்தில் ஊறுகாய் மாதிரி. அதைத் திருப்பிப் போட்டால் போதும், புது உணவு ஒன்றும் வாங்க வேண்டாம்.

உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றோடு சேர வேண்டியது. வெண்டைக்காய், பயற்றங்காய், புடலங்காய், கங்கோங், வேலியோரத்து முருங்கைக்கீரை இவையெல்லாம் தாராளமாக ஆகும். தைராய்டு குறைவுக்காரர்களின் மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தும் தண்ணீரும் நடையும்தான் முதல் மருந்து. சந்தையில் விலை குறைந்த கெம்போங் மீன் போதும், சால்மன் வேண்டியதில்லை. பொரிப்பதை வாரத்துக்கு ஒருநாள் வைத்துக்கொண்டு மற்ற நாளில் புளிக்குழம்பில் போடுங்கள். தேங்காய்ப்பால் குழம்பு ருசியானது, கொழுப்பும் அதிகம். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி சானாய் ஒன்றுக்கு 300 கலோரி, அதில் நெய்யும் மாவும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. இரண்டு தோசையும் பருப்புச் சாம்பாரும் அதைவிட நெடுநேரம் பசி தாங்கும்.

பட்டினி கிடக்காதீர்கள். நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு வாரத்தில் நாலு கிலோ குறைக்கிறேன் என்று கிளம்பினால் உடம்பு டி4-ஐ டி3-ஆக மாற்றுவதையே குறைத்துக்கொள்ளும். சோர்வும் முடி கொட்டுதலும் இன்னும் மோசமாகும். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். எண்பது கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நாலிலிருந்து எட்டு கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் தெரியும்படி இறங்கும். இடுப்பையும் அளந்து வையுங்கள். பெண்களுக்கு 80 செண்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் போனால் எச்சரிக்கை.

8. கோசுக்கும் மரவள்ளிக்கும் பயப்படாதீர்கள்.

"தைராய்டு வந்தால் கோபிஸ் தொடவே கூடாது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சாவி, போக் சோய் இவற்றில் சுரப்பி அயோடினைப் பிடிப்பதைத் தடுக்கும் பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும், நாம் சாப்பிடும் அளவும் குறைவு. 2010-இல் ஒரு மருத்துவ இதழில் 88 வயதுச் சீன மூதாட்டி ஒருவரின் கேஸ் வந்தது. அவர் தைராய்டு முழுக்க அடங்கி மயக்க நிலைக்கே போனார். அவர் சாப்பிட்டது தினமும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை பச்சை போக் சோய், அதுவும் பல மாதங்கள். வதக்கிய கோஸ் ஒரு கரண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மரவள்ளி வேறு கதை. 1942-இலிருந்து 45 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் நம் பாட்டிமார் மரவள்ளியை மூன்று வேளையும் தின்று உயிர் பிழைத்தார்கள். மரவள்ளியில் உள்ள சயனைடுப் பொருள் உடம்பில் தையோசயனேட்டாக மாறி அயோடினோடு போட்டி போடும். அயோடின் குறைந்த ஊர்களில் அதையே வருஷக்கணக்கில் தின்றால் கழுத்தில் கழலை வரும். தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, எப்போதாவது சம்பலோடு சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயம் வேண்டாம். எடைக்காக மட்டும் அளவைப் பாருங்கள், அதுவும் மாவுச்சத்துத்தான்.

சோயா நோயை உண்டாக்காது, மாத்திரை சேர்வதைத்தான் தடுக்கும். காலையில் மாத்திரை போட்ட கையோடு சோயாப்பால் குடிக்காதீர்கள். மதியத்தில் தெம்பேயோ தௌஹுவோ தாராளமாகச் சாப்பிடலாம். புரட்டாசி மாதம் முழுக்க மீன் கறி விட்டு சோயா இறைச்சிக்கு மாறும் வீடுகள் இதைக் கவனியுங்கள். மாதம் முழுவதும் சோயா திடீரென்று கூடினால் டிஎஸ்எச் எண் ஏறலாம். அந்த மாதத்தில் இரத்தம் எடுக்கப் போனால் விரதத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்.

9. உப்பில் அயோடின் போதும், மேலே வேண்டாம்.

சரவாக் உட்பகுதியில் ஒருகாலத்தில் கழுத்துக் கழலை நிறையக் காணப்பட்டது அயோடின் பற்றாக்குறையால்தான். இந்தியாவில் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவரோடிருந்தவர்களும் உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று நிரூபித்தார்கள். 1962-இல் அங்கே தேசியத் திட்டமே வந்தது. நம் தீபகற்பத்தில் கடையில் விற்கும் உப்பில் அயோடின் கட்டாயமானது 2020-இல்தான். பெரியவர்களுக்கு ஒருநாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். உப்பும் கடல் மீனும் முட்டையும் அதைத் தந்துவிடும்.

அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள், கடற்பாசி மாத்திரையும் வாங்காதீர்கள். ஹாஷிமோட்டோக்காரர்களுக்கு அயோடின் மிஞ்சினாலும் சுரப்பி அடங்கும். சிஞ்சாலோக்கும் பெலாச்சானும் மலாக்காக்காரர் நாக்கோடு பிறந்தவை. ஒரு டீஸ்பூனோடு நிறுத்துங்கள், அவற்றில் உப்பு மிக அதிகம்.

10. கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பதானால் குடியுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

ராத்திரி ஊறவைத்த கொத்தமல்லித் தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் தைராய்டு ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. செயலிழந்த சுரப்பியை அது எழுப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிடித்தால் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஆனால் மெலிவதற்கு என்று விற்கும் கோப்பி, கேப்ஸூல், ஜூஸ் பாக்கெட்டுகளிடம் எனக்குப் பொறுமை இல்லை. இவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்தை ஒளித்துக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இருதயத்துக்கு ஆபத்து என்று 2010-இலேயே பல நாடுகளின் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. விற்கிறவர் உங்கள் சொந்தச் சித்தியாகவே இருந்தாலும் வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு மாதம் முழுக்க மீனும் கீரையும் வாங்கலாம்.

11. நடங்கள், கனமும் தூக்குங்கள்.

வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடை. ஆயர் குரோ தாவரவியல் பூங்கா வரைக்கும் போக வேண்டியதில்லை, தாமான் ரோட்டையே சுற்றலாம். மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதம் மூட்டும் தசையும் வலிக்கலாம், அப்போது பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடையோடு வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் போத்தல் இரண்டைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குங்கள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் தசை கலோரியை எரிக்கும், அது குறைந்தால் எடை மறுபடி ஏறத்தான் செய்யும்.

12. விரதமும் விருந்தும்.

விரத நாளிலும் மாத்திரை உண்டு. தண்ணீரோடு மருந்து விழுங்குவதால் எந்தச் சாமியும் கோபிக்காது. செங் சன்னாசிமலை மாசிமகத்துக்குப் போனால் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம். மோரைக் குடியுங்கள், சர்பத்தைப் பக்கத்தில் உள்ள பிள்ளைக்குக் கொடுங்கள். இலையில் போட்டதை வீணாக்கக்கூடாது என்பது நம் வளர்ப்பு, அதனால் போடும்போதே கை காட்டுங்கள். திருவிழாவில் ஒருநாள் கூடச் சாப்பிட்டதால் யாரும் குண்டாவதில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் பலகாரம் டப்பாவில் மிஞ்சியிருப்பதுதான் ஆபத்து. தீபாவளி முறுக்கும் நெய்யுருண்டையும் பக்கத்து வீடுகளுக்கும் வேலையிடத்துக்கும் போகட்டும்.

13. பிள்ளை தங்கியது தெரிந்த நாளே கிளினிக்குக்குப் போங்கள்.

முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். கர்ப்பத்தில் அதன் தேவை கூடும். பெரும்பாலும் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டிவரும். மருந்து குழந்தைக்கு ஆகாது என்று மாமியாரோ பக்கத்து வீட்டாரோ சொல்லி நிறுத்திவிடாதீர்கள், ஆகாதது நிறுத்துவதுதான். கர்ப்பத்தில் தரும் இரும்பு மாத்திரைக்கும் அதே நாலு மணி நேர இடைவெளி. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டு பார்ப்பார்கள். மறுபடி வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் ஒருநாளும் தள்ளாதீர்கள்.

14. "குண்டாயிட்டியே" என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாண வீட்டில் முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும். தைராய்டு குறைவு மனத்தையும் சோர்வாக்கும், அழுகை வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. அது சோம்பேறித்தனம் இல்லை. மருந்து சரியாகியும் அந்தச் சோர்வு விலகவில்லை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கணவன்மார்களும் இதைப் படியுங்கள். வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தனித் தட்டு போட்டால் அவளால் ஒரு மாதம்கூடத் தாங்க முடியாது. எல்லோரும் அந்தத் தட்டிலேயே சாப்பிடுங்கள்.

15. கிளினிக் போகும்போது எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கடையில் வாங்கிய விட்டமினும் சேர்த்து. என்ன நேரத்தில் எதைப் போடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உணவியல் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், அரசாங்கக் கிளினிக்கில் அதற்கு வழி உண்டு. ஒரு வெள்ளியில் பதிந்து பார்க்கக் கிடைத்ததை அலுப்பால் விட்டுவிடாதீர்கள்.

16. எடை காரணமில்லாமல் இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது, கை நடுங்குகிறது, இரவில் இருதயம் அடிக்கிறது, வியர்வை கொட்டுகிறது, கண் பிதுங்குகிறது என்றால் அது எதிர்ப்பக்கம், ஹார்மோன் மிகுதி. ஹார்மோன் மிகுந்தவர்களுக்கு இதுவரை சொன்ன சில விஷயங்கள் மாறும், அயோடின் மாத்திரை கூடவே கூடாது. கார்பிமசோல் கொடுப்பார்கள். மருந்து பிடித்ததும் இழந்த எடை திரும்பி வரும். பசி பழைய அளவிலேயே நின்றுவிட்டால் அதற்கு மேலும் ஏறும், அதனால் தட்டுக் கணக்கை அப்போதே தொடங்குங்கள். கார்பிமசோல் போடுகிறவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் பானடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். அரிதாக அந்த மருந்து வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, ராத்திரி பத்து மணியானாலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், "நான் கார்பிமசோல் சாப்பிடுகிறேன், இரத்தத்தைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.